மாடிவீட்டுக்காரன் கட்சி

இருந்தவர்கள்: இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்து இன்னும் செருப்பைக் கழற்றாத அண்ணன்; தங்கை வைத்த பட்டப்பெயர் ஆந்தை. கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டிவிட்டு, முதல் நாளே கொடுக்க வேண்டிய, ஒரு நாவலைப் பற்றிய கட்டுரையை முடிக்காமல் உட்கார்ந்திருக்கும் தங்கை.

— மாடிவீட்டுக்காரனா? அவன் நாவல்ல நாலே இடத்துலதான் வர்றான், ஆந்தை!

— அதனாலதான் சொல்றேன். "மிகத் தனிமையானவர் யார்?"னுதானே கேள்வி?

— கப்பல்ல போன புருஷனுக்காகக் காத்துக் கெடக்குறாளே, அவதான். அவளப் பத்தி எழுதியாச்சு, மறுப்புப் பத்திதான் பாக்கி.

— காத்திருக்க அவளுக்கு ஒரு ஆள் இருக்கு. வந்தான், கூட்டிட்டுப் போயிட்டான். இவனுக்கு?

— இவன் என்ன கிழிச்சான்? அவ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள படிக்கட்டு விளக்கப் போட்டு வெப்பான். அவ்வளவுதான்.

— அவ போன மறுநாள் போட்டானா?

— அது கதையில இல்ல.

— பாத்தியா. எழுதுனவனே கேக்கல.

— பெரிய வாத்தியார்! பள்ளிக்கூடத்துக்குப் பாதியில முழுக்குப் போட்டவன்தானே நீ?

— முழுக்குப் போட்டவன் கிடங்கு வாசல்ல உக்காந்து உன் புத்தகத்த ரெண்டு தடவ படிச்சான். நீ ஒரு தடவ, அதுவும் பஸ்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டு.

— சரி, எதிர்க்கட்சிய ஒரு பத்தி எழுதி அத மறுக்கவும் செய்யணும். இந்தா மறுக்கிறேன். அவனுக்கு வாயில்லையா? ஒரு நாள் எறங்கி வந்து, "எனக்கும் யாருமில்ல"ன்னு சொல்லியிருக்கலாம்ல? அது தனிமை இல்ல, வீம்பு.

— சொல்லியிருந்தா அவ கெளம்பியிருக்க மாட்டா.

— அண்ணா...

— ஆந்தைன்னே கூப்பிடு.

— இதுக்கு நான் என்ன மறுப்பு எழுதுறது? கட்டுரையவே மாத்திடறேன்.

— மாத்தாத. நாலு இடத்துல வர்றவனுக்கு எவன் மார்க் போடுவான்? பெட்டிய எடு, பஸ் போயிடும்.

— நீ படு. வழக்கம்போல வெளியில பூட்டிட்டுப் போறேன். எவனும் கதவத் தட்டி எழுப்ப மாட்டான்.

— பூட்டிட்டுப் போனா, சாயங்காலம் யாரு வந்து தொறப்பா?

— அட, மறந்தே போச்சு.

— சாவிய வெச்சுட்டுப் போ. உள்ளேருந்து பூட்டிக்கிறேன்.

— சோறு மூடி வெச்சிருக்கேன். சாப்பிடாமப் படுத்துடாத.

— தெரியும். போ.

— போயிட்டு வரேன்.

— ம்.

— அண்ணா, கதவச் சாத்துனியே, பூட்டலையா? சத்தம் கேக்கல.

— இரு. இத எந்தப் பக்கம் திருப்பணும்?

— வலப்பக்கம். அம்மா போனதுலேர்ந்து நான்தானே பூட்டுறேன், உனக்கு எங்க தெரியப்போகுது? ரெண்டு சுத்து.

— விழுந்துடுச்சு. கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— அப்ப இன்னும் ஏன் நிக்குற? படியில இருட்டா இருக்கும், பாத்து எறங்கு.