இடப்பக்கத்துத் தகடு

கோதுமை லாரியின் இன்ஜினைப் போல நல்ல சுபாவம் கொண்ட இயந்திரம் வேறு கிடையாது. அவசரப்படாது. சுமை ஏற ஏறத்தான் அதற்கு உற்சாகம். என் கணவர் வெர்லினும் அப்படித்தான்.

வெர்லின் போய்ச் சேர்ந்த பிறகு லாரி களஞ்சியத்துக்குப் பின்னால் சும்மா நின்றது. அதன் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினைத் தன் ஹாட் ராடில் வைத்துக்கொள்ளட்டுமா என்று என் மகன் லோரன் கேட்டான். கூரையை அறுத்துத் தாழ்த்தி, பந்தயத்துக்காக அவன் கட்டிக்கொண்டிருந்த பழைய கார். உடனே சரி என்றேன். வண்டி முடிகிறவரை பையன் வீட்டில்தானே இருப்பான். அவனுடைய ஹாட் ராட் சங்கத்துப் பையன்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். லாரிச் சாமான் கனமானது, கனமானது உடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. நான் மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஜோலீன் வந்தாள். வண்டி முடிந்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் கலிபோர்னியா என்று ஆயிற்று. அவள் அண்ணனுக்கு அங்கே கார் பட்டறை இருக்கிறது.

நல்ல பெண், கென்ட். போலீஸ்காரன் நீ, ஷெரிப்பிடம் கொடுக்கும் அறிக்கையில் அதை எழுது. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஆர்டிஸ், இவ்வளவு வெண்ணெய் போட்டா இவனைச் சர்ச்சுக்கு உருட்டிக்கிட்டுத்தான் போகணும்" என்பாள். லோரன் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

இன்ஜினை மாட்டுவதற்கு முன் லோரன் பிளைவீலைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஜினின் பின்பக்கம் சுழலும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் அது. அந்தக் காரில் அது முன்னால் உட்காருகிற இருவரின் கால்களுக்கு நடுவாக வரும்.

"அம்மா, இதை அப்பா கழட்டிப் பாத்திருக்காரா? இல்லன்னா எஃகுல புதுசா ஒண்ணு போட்டுடுறேன்."

"கடைசி அறுவடைக்கு முன்னாடிதான்டா பாத்தாரு. அவரே திரும்ப மாட்டுனாரு."

நான் பொய் சொல்வதில்லை. வெர்லின் பார்த்தார். உள்விளிம்பில் துருவுக்கு அடியில் ஓடிய மயிரிழை விரிசலை எனக்கும் காட்டினார். லாரியில் மெதுவாகப் போகிறவரை தாங்கும், விரட்டினால் வெடிகுண்டுதான் என்றார். விரிசல் இருந்ததா என்று லோரன் என்னிடம் கேட்கவில்லை. அப்பா கை வைத்ததை அவன் மறுபடி சோதிக்க மாட்டான். அப்படி வளர்த்திருக்கிறோம்.

ஆனாலும் தாய் மனது. களஞ்சியத்தில் கிடந்த தடித்த எஃகுத் தகட்டை வளைத்து, இடப்பக்கம் ஓட்டுகிறவன் கால்மாட்டில் பற்றவைக்கச் சொன்னேன். வலப்பக்கமும் வைக்கட்டுமா என்றான். முன்பக்கம் ஏற்கெனவே கனம், ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அம்மா கவசம் போட்டு அனுப்புறாங்கடா" என்று பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள்.

சங்கத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். இன்ஜின் கொடுத்தவர்தான் முதல் ஓட்டத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத் திடலில் எல்லோரும் காத்திருந்தார்கள். லோரன் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். நான் தலைக்கவசத்தை ஜோலீனிடம் நீட்டினேன்.

"நீ போம்மா. இனிமே அவன் பக்கத்துல உக்கார வேண்டியவ நீதானே."

அவள் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ்... அம்மா" என்றாள். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கவசத்தின் வாரை நானே இழுத்துக் கட்டிவிட்டேன்.

திடலின் பாதி வரை அழகாகப் போனார்கள். வெர்லின் ஒருநாளும் அந்த இன்ஜினிடம் கேட்காத வேகத்தை லோரன் கேட்டான். அதுவும் கொடுத்தது. பிறகு வெடித்தது.

இடப்பக்கத்துத் தகடு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. என் மகன் காலில் ஒரு கீறல் இல்லை. வலப்பக்கத்தைப் பற்றி நீ படித்திருப்பாய். அவள் ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு நான்தான் சமைத்தேன்.

லோரன் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி வந்து, கொட்டகைத் தரையில் பொருத்திப் பார்த்திருக்கிறான். புதிதாக உடைந்த இடம் பளபளக்கும். பழைய விரிசல் துருப்பிடித்திருக்கும். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைக் கூப்பிட்டான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அவளை அந்த இருக்கையில் உட்கார வைக்கத்தான் விரிசலைச் சொல்லாமல் விட்டேன். வேறு எந்த வழியில் அவனை இங்கே நிறுத்தியிருக்க முடியும்?

வெளியே சத்தம் கேட்கிறதே, அது லோரன்தான். காலையிலிருந்து தன் கருவிப்பெட்டிகளையும் துணிமணிகளையும் சங்கத்துப் பையன் ஒருவனின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். நீ என்னை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துத் தங்கப்போகிறான், பாவம். என்னை விட்டு அவனால் இருக்க முடியாது.