ஒன்பதாவது கேள்வி: இப்போது இருக்கும் கேம்ஷாஃப்ட்

செப்டம்பர் 19, 2009, சனி. கெனோஷா.

வியாழக்கிழமை மாலை என்ஜின் வகுப்பில் ஒரு தவறு செய்தேன். அப்பாவின் 71ஆம் வருட ஜாவ்லின் காரிலிருந்து கழற்றிய பழைய கேம்ஷாஃப்டை அளந்தபோது, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் முட்டுகளின் உயரம் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 310 என்று வந்தது. கையேட்டில் 266. மூன்று முறை அளந்தும் 310தான். என் கைதான் சரியில்லை என்று நினைத்து, அதை அடித்துவிட்டு 266 என்று எழுதினேன். நேற்று ஆசிரியரின் கருவியை இரவல் வாங்கி மறுபடி மூன்று முறை அளந்தேன். என் கையில் தவறில்லை.

இன்று பிற்பகல் அண்ணன் ரஸ்ஸின் கராஜில் உட்கார்ந்து, புது கேம்ஷாஃப்ட் வாங்குவதற்கான படிவத்தை நிரப்பினோம். பேசியதைப் பேசியபடியே எழுதிவைக்கிறேன்.

ரஸ்: ...அதான் சொல்றேன், இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு கேட்டு அனுப்பு. முடிஞ்சுது வேலை.

நீல்: நாம கேக்கறது இல்ல ரஸ். கம்பெனிக்காரங்க கேக்கறதுக்கு நாம பதில் சொல்லணும். எது பொருந்தும்னு அவங்க சொல்லுவாங்க.

ரஸ்: பன்னெண்டு கேள்வியா? எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சப்பகூட இத்தனை கேக்கல.

நீல்: கேட்டிருந்தா இப்படித் தனியா உக்காந்து சீஸ் வறுவல் தின்னுட்டிருக்க மாட்டே.

ரஸ்: ...சரிங்க வாத்தியாரே. படிங்க.

நீல்: வண்டியோட எடை?

ரஸ்: மூவாயிரம் பவுண்டு.

நீல்: மூவாயிரத்து நானூறு. வகுப்புல சொன்னாங்க, எல்லாரும் ஆசைப்பட்ட வண்டியைத்தான் இதுல எழுதுவாங்களாம். வீட்டுல நிக்கற வண்டியை யாரும் எழுதறதில்லையாம்.

ரஸ்: நானூறையும் சேத்துக்கோ. அந்தப் பொட்டலத்தை இப்படித் தள்ளு, ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும்.

நீல்: தெருவுலயா, பந்தயத்துலயா?

ரஸ்: தெருவுல. பூசைக்குப் போயிட்டு வர்ற வண்டி.

நீல்: அப்பவும் கேம் பட்டியல்ல நாலாவதைப் பாரேன். சிக்னல்ல நின்னா வண்டியே குலுங்கும். தெரு மொத்தமும் திரும்பிப் பாக்கும்.

ரஸ்: வேணாம்.

நீல்: உனக்கு அதானே உசுரு? பத்து வருஷமா அப்பாகிட்ட கெஞ்சினியே.

ரஸ்: அப்போ தலையில முடி இருந்துச்சு.

நீல்: சரி, மூணாவது?

ரஸ்: சின்னதுன்னு சொல்றேன்ல. முதல்ல இருக்கே, அது.

நீல்: ஏன்?

ரஸ்: ...சத்தம் காதைக் குடையுது. அடுத்ததைப் படி.

நீல்: எட்டாவது. பவர் பிரேக்கா, சாதா பிரேக்கா?

ரஸ்: பவர் பிரேக்னு உனக்கே தெரியும்.

நீல்: அதை ஏன் கேக்கறாங்கன்னு தெரியுமா?

ரஸ்: கேக்கறாங்க. எழுது.

நீல்: என்ஜின் காத்தை உறிஞ்சுதே, அந்த உறிஞ்சல்தான் பிரேக்குக்கு பலம். பெரிய கேம் போட்டா, வண்டி ஊர்ந்து போறப்ப அதுல பாதிகூட இருக்காது. ஒரு தடவை மிதிச்சா பிடிக்கும். ரெண்டாவது தடவை கொஞ்சம் பிடிக்கும். மூணாவது...

ரஸ்: வகுப்பு உனக்குத்தான், எனக்கு இல்ல.

நீல்: மூணாவது தடவை கல்லு மாதிரி இருக்கும். அப்பா சொன்ன அதே வார்த்தை.

ரஸ்: அவர் அன்னிக்கு என்னென்னமோ சொன்னார்.

நீல்: ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். சர்ச் வாசல்ல, மீன் சாப்பாட்டுக்கு நின்ன ஜனங்க வரிசைக்குள்ள வண்டி ஏறி நின்னப்ப, போலீஸ்காரர்கிட்ட சொன்னார். அப்புறம் டாக்டர்கிட்ட. அப்புறம் நம்மகிட்ட. "மிதிச்சேன், கல்லு மாதிரி இருந்துச்சு."

ரஸ்: ...அடுத்த கேள்வி.

நீல்: ஒன்பது. இப்போ இருக்கற கேம்ஷாஃப்ட் எது?

ரஸ்: தொழிற்சாலையில போட்டது. அப்பா வேலை பாத்த அதே இடத்துல.

நீல்: அப்படியே எழுதட்டுமா?

ரஸ்: எழுது.

நீல்: உன் காலுக்குப் பக்கத்துல துணியில சுத்தி வெச்சிருக்கேன். அதை எடு.

ரஸ்: ...இதைக் குப்பையில போடச் சொன்னேன்ல?

நீல்: ரெண்டு தடவை சொன்னே. அதான் போடல. தொழிற்சாலையில போட்டதுன்னா 266 இருக்கணும். இதுல 310, பெரிய கேம். முனையில கரியைத் துடைச்சா வேற ஒரு கடையோட நம்பர் பொறிச்சிருக்கு.

ரஸ்: அளந்தது நீ. வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பாக்கற ஆளு.

நீல்: ஆமா. அதனாலதான் ஆறு தடவை அளந்தேன். நீ இதை எப்போ போட்டே?

ரஸ்: குடலிறக்க ஆபரேஷனுக்கு அவர் ஆஸ்பத்திரியில இருந்தாரே. அப்போ.

நீல்: அவருக்குத் தெரியுமா?

ரஸ்: சத்தம் மாறியிருக்கேன்னு கேட்டார். கார்புரேட்டரை சரி பண்ணேன்னேன். சிரிச்சார்டா. நல்லா இருக்குன்னார். நான் ஓட்டினப்ப பிரேக் பிடிச்சுது நீல். வேகமா போய் மிதிச்சா பிடிக்குது. நான்... ஊர்ந்து போய்ப் பாக்கல.

நீல்: அவர் ஊர்ந்துதான் போனார். நிறுத்த இடம் தேடிக்கிட்டு.

ரஸ்: தெரியும்.

நீல்: எப்போலேர்ந்து?

ரஸ்: அன்னிக்கே. வண்டியை இங்க இழுத்துட்டு வந்தாங்க. எல்லாரும் போனதும் ஸ்டார்ட் பண்ணி, மூணு தடவை மிதிச்சுப் பாத்தேன்.

நீல்: அஞ்சு மாசம் ஆச்சு.

ரஸ்: அந்த வரிசையில நின்ன திருமதி வோய்சிக் கால்ல கம்பி வெச்சிருக்காங்க. பாவம், வயசானவர், தடுமாறிட்டார்னு அந்தம்மா அவரை மன்னிச்சாங்க. என்னை மன்னிப்பாங்களா?

நீல்: இப்ப அப்பா தன் காலையே நம்பறதில்ல. படி இறங்கறப்ப குனிஞ்சு பாத்துப் பாத்து வைக்கறார். இருபத்திரண்டு வருஷம் வண்டி செஞ்ச மனுஷன். நேத்து என்கிட்ட கேக்கறார், "நான் மிதிச்சது பிரேக்தானாடா"ன்னு.

ரஸ்: நீ என்ன சொன்னே?

நீல்: சூப் ஆறிடும், குடிங்கன்னேன்.

ரஸ்: ...அளந்து பாத்த அப்புறமுமா?

நீல்: அப்புறமும்தான்.

ரஸ்: சரி. நான் வாயைத் திறக்கல, ஒத்துக்கறேன். ஆனா அவர் லைசென்ஸைப் பிடுங்கினது நான் இல்ல. அந்த டாக்டர். லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டு, அந்த வயசுல அவரைப் பரீட்சைக்கு வர வெச்சு, தோக்க வெச்சு... அந்த ஆளை எங்க பாத்தாலும் மூஞ்சில துப்புவேன்னு அப்பாகிட்டயே சொல்லியிருக்கேன்.

நீல்: டாக்டர் எழுதல.

ரஸ்: பின்ன எவன் எழுதினான்?

நீல்: அந்தக் கடுதாசி ரெண்டு பக்கம் இருந்துச்சு. அப்பா மறந்துட்டுப் போன சாவி, திறந்து வெச்சுட்டு வந்த குழாய், எல்லாம் தேதி போட்டு வரிசையா. கடைசி வரி, "பிரேக்கை மிதித்ததாக அவர் கற்பனை செய்துகொள்கிறார்." அதுக்குக் கீழ என் கையெழுத்து.

வகுப்பு நோட்டில் 266ஐ அடித்து 310 என்று எழுதிவிட்டேன். படிவத்திலும் அப்படியே.

நாளை, ஞாயிறு: காலை எட்டு மணிக்கு, பூசைக்கு முன், அப்பா வீடு. கேம்ஷாஃப்ட், அளவுத் தாள், நான் எழுதிய கடிதத்தின் நகல், மூன்றும் எடுத்துப் போக வேண்டும். ரஸ் வருவதாகச் சொல்லவில்லை. வராவிட்டாலும் போக வேண்டும்.