கோட்டை வாசலில் செங்கதிர்

ஜெப்ரி: சும்மா ‘ஆமா’ன்னு சொல்லு நஸ்ரியா. கதவு தெறந்துரும். ராசா அடைச்சு வெச்சிருக்கற கொழந்தைங்களக் கூட்டிட்டு ஓடியாந்தரலாம்.

நஸ்ரியா: முடியாதுங்கண்ணா. காவக்காரன் ‘நீ ராசாவோட ஆளா?’ன்னு கேக்கறான். நான் இல்லீங்களே.

ஜெப்ரி: அட, நீ சொல்ல வேண்டாம்மா... உன்ற செங்கதிர் சொல்லட்டும்!

ஷைலா: செங்கதிர்தாண்ணா சொல்லக் கூடாது. அவ சாமிக்கு வாக்குக் குடுத்த போர்க்காரி. பொய் சொல்லக் கூடாது, கும்பிட்டவன வெட்டக் கூடாது, எளியவங்கள உட்டுப்போட்டு ஓடக் கூடாது.

ஜெப்ரி: சொன்னா?

ஷைலா: காயத்த ஆத்தற சக்தி அவ கைய உட்டுப் போயிரும். அப்புறம் எத்தன சண்டை ஜெயிச்சாலும் வராது. சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த வெளையாட்டுப் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது.

ஜெப்ரி: நல்ல வெளையாட்டு புள்ள! போர்டு இல்ல, காய் இல்ல. நீ கதை சொல்றே, அவ செங்கதிரா பதில் சொல்றா, நடுவுல ஒரு இருவது பக்க டைஸ். பெருந்துறையில இருந்து லீவுக்கு வந்தவன் தூர்தர்ஷன்ல கிரிக்கெட்டாச்சும் பாத்திருப்பேன்.

ஷைலா: போரடிச்சா எந்திரிச்சுப் போ.

ஜெப்ரி: போறேன். கீழ மரத்தடியில யாரோ ஸ்கூட்டர் மேலயே உக்காந்திருக்காரு, அவர்கூடப் பேசிட்டிருப்பேன்... இரு, கொழந்தைங்க என்னாச்சுன்னு பாத்துட்டே போறேன். ஏன் நஸ்ரியா, வாயே தெறக்காம நின்னா? அவனா எதாச்சும் நெனச்சுக்கட்டும்.

நஸ்ரியா: அவன் ஏமாறட்டும்னே பேசாம நின்னா, அதும் பொய்தானுங்களே.

ஜெப்ரி: அப்ப வெட்டிப்போடு!

நஸ்ரியா: அவன் இன்னும் வாளே உருவலீங்க.

ஷைலா: பாத்தியாண்ணா நேர்மைய? வாராவாரம் அவங்கப்பாகிட்ட ‘ஸ்பெஷல் கிளாஸ்’னு புளுகிப்போட்டுத்தான் அம்மணி இங்க வாரா!

நஸ்ரியா: அது வந்துடி... இன்னைக்கு...

ஷைலா: சரி சரி, கதைக்கு வா. போன வாரத்துல இருந்து வாசல்லயே நிக்கறே. என்ன சொல்றே?

நஸ்ரியா: ‘நான் ராசாவோட ஆளில்ல. உங்க ராசா தேடற செங்கதிர் நாந்தான். கொழந்தைங்கள வெளிய உடுங்க, பதிலுக்கு நான் உள்ள வாரேன்.’ சொல்லிப்போட்டு... வாளைக் கீழ வெக்கறேன்.

ஷைலா: ஏய்... வாளையா?

நஸ்ரியா: கவசத்தையும்.

ஜெப்ரி: ஆண்டவரே!

ஷைலா: எனக்குப் புல்லரிக்குதுடி. இத நான் நெனைக்கவே இல்ல... அவன் மனசு எளகுதான்னு பாக்கோணும். அண்ணா, நீ உருட்டு.

ஜெப்ரி: நானா? குடு புள்ள... பதினேழு!

ஷைலா: கதவு தெறக்குது. கொழந்தைங்க வெளிய வருதுங்க... கடைசிக் கொழந்தை அவ கையத் தொட்டுப்போட்டு ஓடுது.

ஜெப்ரி: எல்லாரும் வந்துட்டாங்களா?

ஷைலா: எல்லாரும். ஆனா... கோட்டை மேல இருந்து ராசா அம்பு உடறான். நேரா அவ நெஞ்சுக்கு. பத்துக்கு மேல உழுந்தா பொழைப்பா. இத நாந்தான் உனக்குத் தெரியாம இந்த அட்டைக்குப் பின்னால உருட்டோணும்.

நஸ்ரியா: உருட்டு.

ஷைலா: இந்தா, உருட்டிட்டேன்.

நஸ்ரியா: என்ன உழுந்துச்சு?

ஷைலா: பதினாலு! பொழைச்சுட்டா! அம்பு தோள்ல ஒரசிட்டுப் போயிருச்சு!

நஸ்ரியா: அண்ணா, உங்க பக்கம் தெரியுதில்லீங்க? பதினாலுங்களா?

ஜெப்ரி: பதினாலு... பதினாலுதான் கண்ணு.

நஸ்ரியா: அப்ப ஏனுங்க கண்ணு கலங்குது?... அட்டைய எடு ஷைலா.

ஷைலா: வேண்டாம்டி.

நஸ்ரியா: எடு.

ஷைலா: ... மூணு.

ஜெப்ரி: மூணா இருந்தா என்ன? இத்தன பெரிய மனசுக்காரியச் சாவ உட்டுட்டு நான் எப்படிப் போயி சோறு திங்கறது? பதினாலுன்னே வெச்சுக்கலாம்!

நஸ்ரியா: பொய்யில பொழைச்சா அவ செங்கதிரே இல்லீங்கண்ணா. செத்துட்டா.

ஷைலா: வெளையாட்டுத்தானடி! இந்த ரூமுக்கு வெளிய யாருக்குத் தெரியப் போவுது?

நஸ்ரியா: அத்தாவுக்கு... காலையில சொல்லிப்போட்டேன்டி. ஸ்பெஷல் கிளாஸே கெடையாது, இதுக்குத்தான் போறேன்னு எல்லாத்தையும். அடிப்பாருன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் கேட்டுப்போட்டு ‘கோட்டை வாசல்ல அந்தப் புள்ள என்ன பண்ணுனா?’ன்னாரு. இன்னைக்குத்தானுங்கத்தா தெரியும்னேன். கடையச் சாத்திப்போட்டு அவரே கொண்டாந்து உட்டாரு. கீழ ஸ்கூட்டர்ல உக்காந்திருக்கறது அத்தாதான்... ‘பொழைச்சாளா செத்தாளான்னு, நடந்தத நடந்தபடி வந்து சொல்லு கண்ணு’ன்னாரு.