மெர்சியின் அட்டைக் கம்ப்யூட்டர்

என் செல்லப் பிள்ளைகளே அருணா, சேகர், இன்று காலை ஆபீஸ் போகும்போது தில்லி புசா ரோடு பஸ்ஸில் கேட்டதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். என் பின்சீட்டில் பள்ளி உடையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வித்யா, என் கம்ப்யூட்டர் மழையில நனைஞ்சு ஊறிப்போச்சுடி."

"உங்க வீட்ல ஏதுடி மெர்சி கம்ப்யூட்டர்?"

"அட்டைல நானே வரைஞ்ச தமிழ் கீபோர்டுடி. பால்கனில மறந்து வச்சுட்டேன்."

"அச்சா! அட்டைல அடிச்சுப் பழகிட்டுத்தான் இன்னிக்கு டைப்பிங் டெஸ்டுக்கு வரியா? தமிழ்ல டைப் பண்றவங்களுக்குத்தான் இன்டர்நெட் தமிழ் கிளாஸ்னு டீச்சர் சொன்னாங்களே!"

"அதான் பயமா இருக்கு. இதுல விட்டா அடுத்த வருஷந்தான். நிஜக் கீபோர்டைத் தொட்டதே இல்ல. ஒரு வார்த்தை சொல்லேன், அடிச்சுப் பாக்கறேன்."

"மழைக்காலம்."

என் சீட்டின் முதுகில் டக்டக்கென்று விரல்கள் ஓடின. நான் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"கண்ண மூடிட்டே அடிக்கறியேடி! ஒவ்வொரு எழுத்தும் அதது இடத்துல இருக்கு. வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கற நானே ஒத்த விரலால தேடறேன்."

"அப்ப நான் ரெடியா?"

"நீ ரெடி. ஸ்கூல் கம்ப்யூட்டர்தான் ஆன் ஆகணும். ஜல்தி எழுந்திரு, ஸ்டாப் வந்தாச்சு."

யார் பெற்ற பிள்ளைகளோ, எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீஸில் எங்கள் செக்‌ஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்து பல மாதங்கள் ஆகின்றன. பயந்துகொண்டு நான் அதைத் தொட்டதில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதன் உறையை எடுத்தேன். ஆன் செய்யாமலே, கீபோர்டின் மேல் பத்து விரல்களையும் வைத்தேன்.