ஓடை மின்சாரம்

ஒரு பல்பு எரிய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பொதுவாக யாரும் யோசிப்பதில்லை ஐயா. எனக்கும் கீர்த்திவாசன் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியை ஓடையில் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாலாவிலிருந்து நாலு மைல் உள்ளே என் தோட்டம். தேயிலை விலை விழுந்ததும் பக்கத்து எஸ்டேட்டை மூடினார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என் மனைவி மரகதம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "கரண்டு இல்லாத ஊட்டுல எத்தன நாளைக்குங்க இருக்கறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஓடையிலிருந்து மின்சாரம் எடுக்க நினைத்தேன்.

கீர்த்திவாசன் கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். மேலே ஒரு தொட்டி, அங்கிருந்து சரிவில் குழாய், கீழே சக்கரமும் டைனமோவும். ஒரு மாத வேலை என்றார். நான் அதை நாலு மாதமாக்கினேன். தொட்டியை இன்னும் மேலே கட்டலாம் என்றேன். குழாய் போகும் வழியை இரண்டு தடவை மாற்றச் சொன்னேன். அவர் சாப்பிடும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். குளிக்கும்போது பாடுவார். மரகதத்துக்குக் கடிதம் போடுவதையே மறந்துவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு மதியம் பல்பு எரிந்தது. அவர் கைதட்டிச் சிரித்தார்.

"அவ்வளவுதானுங்ணா. காலைல பஸ்ஸுக்குக் கெளம்பிக்கறேன். ஊட்டுல காயத்ரி தனியா இருக்கறா."

"மழை உட்டதும் போலாமுங்களே" என்றேன்.

"இங்க மழை எப்பங்ணா உட்டிருக்குது?"

தொட்டிக்குப் போக ஓடையின் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தோம். அன்று மாலை அதற்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டேன். அவர் உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் முறிந்தால் மூன்று மாதம் இருப்பார். கிளம்புவதற்கு முன் தொட்டிச் சல்லடையில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போவார் என்று தெரியும். போனார்.

இடுப்பு முறிந்துவிட்டது. தூக்கிவந்து என் கட்டிலில் கிடத்தினேன்.

"டாக்டரக் கூப்புடுங்ணா."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடக்குதுங்க" என்றேன்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது. தேவாலாவில் சொன்னால் ஜீப் வந்திருக்கும். வந்த ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். கஞ்சி வைத்து ஊட்டினேன், துணி மாற்றினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லைனில் யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்ணா இப்படிப் பண்றீங்க?" என்றார்.

"பேசாமப் படுங்க. நாந்தான் இருக்கறேனுங்களே."

பதினோராம் நாள் காலையில் மூச்சு நின்றது.

அவர் மனைவி காயத்ரி தேடிக்கொண்டு வந்தபோது, அவர் அப்போதே பஸ் ஏறிவிட்டார் என்று சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். அந்த அம்மா உட்காரவே இல்லை.

கல்லை எடுத்தது நான்தான். டாக்டரைக் கூப்பிடாததும், தொட்டிக்குப் பின்னால் குழி வெட்டியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும் ஐயா: அந்தப் பதினோரு நாளும் அவரை நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.