ராணிக்கு வைத்த பாஸ்டிங்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அந்தப் பெண் திடீரென்று கேட்டாள்:

“மாட்டுக்குப் போய் யாராவது பாஸ்டிங் வைப்பாங்களா?”

“ரத்தம் எடுக்கன்னா வெறும் வயித்தோடதானே? கிளினிக்ல என்னைய அப்படித்தானே வரச் சொல்றாங்க.”

“அது ஒங்க சீனி வருத்தத்துக்கு! ராணிக்கு செனை பிடிச்சிருக்கான்னு பார்க்கத்தானே மாட்டு டொக்டர் ரத்தம் எடுத்தாரு? கன்னு தங்கின புதுசுலயே ரத்தத்துல சத்தெல்லாம் மாறுமாம். பட்டினி போட்டாலும் மாறுமாம். இப்ப எதால மாறிச்சுன்னு அவருக்கே சொல்ல முடியல.”

“அது கத்துறப்ப எனக்கும் பாவமாத்தான் இருந்திச்சு புள்ள.”

“நீங்க மட்டும் கிளினிக் போற அன்னிக்கு ஒளிஞ்சு நின்னு ரொட்டி திம்பீங்க.”

அவர் பேச்சை மாற்றினார்.

“ஞாயித்துக்கிழமை மாட்டு யாவாரி வருவாரே. செனை இல்லாட்டி குடுத்துர்றேன்னு சொல்லிட்டேன்.”

“இல்லைன்னு டொக்டர் சொன்னாரா? மறுபடி ரத்தம் எடுக்கிற வரைக்கும் அவ எங்கயும் போக மாட்டா. போனைப் போடுங்க.”

அவர் போட்டார். பஸ்ஸே காது கொடுத்தது.

“முதலாளி, ஞாயித்துக்கிழமை வர வேணாங்க… செனையான்னு இன்னும் தெரியலீங்க… நான்தான் சாப்பாடு குடுக்காம… சிரிக்காதீங்க முதலாளி!”

எத்தனையாம் நாளில் ரத்தம் மாறும் என்றும் அவள் சொன்னாள், மறந்துவிட்டேன். மாட்டு வைத்தியம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். பன்வில பக்கம் போகிறவர்கள் ராணிக்குக் கன்று தங்கியதா என்றும் கேட்டு வாருங்கள்.