அடுப்படிக்குக் கீழே ஓடை

உதுமான்: இன்னுமா கிளம்பல, பல்கீஸ்? யாக்குவெட் ஆபீஸ மூடிருவான், இந்த வார்டுக்கே அவன்தான் அதிகாரி.

பல்கீஸ்: நான் எதுக்குக் காக்கா? கடை உங்க கடை.

உதுமான்: கடைக்குப் பின்னாடி இருக்கிறது உன் வீடு. என் தங்கச்சி சொன்னா நம்புவான். பர்மா பாஷையும் என்னைவிட நீ நல்லாப் பேசுவ. ‘எங்க வீட்டுல ஒரு மழைக்கும் தண்ணி வந்ததில்ல, ஓடையைத் திறக்க வேணாம்’... அவ்வளவுதான்.

பல்கீஸ்: ஒரு மழைக்கும்...?

உதுமான்: ஆமா.

பல்கீஸ்: போன மழைக்கு என் கட்டில் மிதந்துச்சு.

உதுமான்: அது அவனுக்கு எதுக்கு? வாப்பா காலத்துலயே சிலாப் போட்டு மூடுன ஓடை. அதுமேல கடை வச்சோம், வரி கட்டுனோம். நர்கிஸ் புயல் அடிச்சதும் நம்ம தின்கன்ஜூன் பேட்டை ஓடைக்கெல்லாம் உசிரு குடுக்குறானாம்.

பல்கீஸ்: பக்கத்துல குழந்தைவேலு அண்ணன் கடைவரைக்கும் சிலாப்பைப் பேத்துட்டாங்க. நேத்து அம்புட்டு மழை, அந்தப் பக்கம் ஒரு சொட்டு நிக்கல. பாத்தீங்களா?

உதுமான்: நாத்தத்தைத்தான் பாத்தேன். பிரியாணி திங்க வந்தவன் மூக்கைப் பொத்திட்டுப் போறான்.

பல்கீஸ்: அடுப்படி சிலாப்புல ஓட்டை போட்டு எலும்பையும் கஞ்சியையும் தள்ளுனது யாரு?

உதுமான்: வரிசையில எல்லாரும்தான் தள்றான். நான் மட்டுமா?

பல்கீஸ்: குழந்தைவேலு அண்ணன் விக்கிறது வெத்தல. நான் கட்டிலுக்கடியில பொறுக்குனது ஆட்டெலும்பு. கிராம்பு ஒட்டியிருந்துச்சு.

உதுமான்: குத்திக் காட்டுறியா? இந்தக் கடை வருமானத்துலதான் உனக்கு நிக்காஹ் பண்ணி வச்சேன்.

பல்கீஸ்: இல்லேங்கல.

உதுமான்: அப்ப வா. நாளைக்கு நம்ம சிலாப்புல கைய வச்சிருவான்.

பல்கீஸ்: மார்க்கெட்டுல வேற இடம் தர்றேன்னு சொன்னாங்களே. அதையும் வேணாங்குறீங்க.

உதுமான்: வேணாம்னா வேணாம்.

பல்கீஸ்: கடைக்காகத்தானா இந்தப் பயம்...

உதுமான்: பயமா? எனக்கா? ஆபீசுல போயி சொன்னவன் எவன்னு மட்டும் தெரியட்டும். நம்ம கடையக் கைகாட்டி, இதுக்குக் கீழதான் அடைப்புன்னு சொல்லியிருக்கான் பாவி.

பல்கீஸ்: என்ன அடைப்பு?

உதுமான்: ...எலும்புதான். வேறென்ன?

பல்கீஸ்: எலும்பு.

உதுமான்: என்ன பார்வை பாக்குற? உன் மக ருமானா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தினமும் சூப்பு தூக்கிட்டு வந்தது யாரு? அந்த நன்றிகூடவா...

பல்கீஸ்: வந்தீங்க. அவ காலைப் பிடிச்சு அழுதீங்க. சாக்கடைத் தண்ணியாலதான் இப்படின்னு டாக்டர் சொன்னப்ப மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க.

உதுமான்: அல்லாவோட நாட்டம் அது. வர்றியா, இல்லையா?

பல்கீஸ்: அந்த அடைப்பு எலும்பு இல்ல, காக்கா. பின்பக்கமாக் கம்பு விட்டுப் பாத்தேன். செங்கல் தட்டுச்சு.

உதுமான்: செங்கல்லா... எவனாச்சும் போட்டிருப்பான். அதையெல்லாம் வெளிய சொல்லிட்டுத் திரியாத. வா, போலாம்.

பல்கீஸ்: உங்க அடுப்படிக்குள்ள தண்ணி பொங்கக்கூடாதுன்னு கீழ சுவர் வச்சு, எல்லாத்தையும் என் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டிருக்கீங்க. ருமானா பொழச்சு வந்த அன்னிக்காவது இடிப்பீங்கன்னு பாத்தேன். இடிக்கல. அப்புறம்தான் ஆபீசுக்குப் போனேன். உங்க கடையக் கைகாட்டுனது நான்தான் காக்கா... நல்ல பர்மாவுலதான் சொன்னேன்.